டீம் லீடுக்கு அடுத்து எது: புராஜெக்ட் மேனேஜ்மெண்டா, புரோகிராமிங்கா?

சிறுசேரிக்காரன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருட அனுபவம். ஜாவா, ஸ்பிரிங் பூட், ஆரக்கிள். சர்வீஸ் கம்பெனி, அமெரிக்க இன்சூரன்ஸ் கிளையண்ட். இப்போது டீம் லீட், கீழே ஆறு பேர். இந்த அப்ரைசலில் மேனேஜர் கூப்பிட்டு, "அடுத்த கிரேடு போகணும்னா டிராக் சொல்லணும். டெலிவரியா, டெக்னிக்கலா? மாசக் கடைசிக்குள்ள போர்ட்டல்ல போட்டுடு" என்றார். டெலிவரி என்றால் முதலில் புராஜெக்ட் லீட், அப்புறம் புராஜெக்ட் மேனேஜர். டெக்னிக்கல் என்றால் ஆர்க்கிடெக்ட் வரிசை.

எனக்குக் கோடிங் பிடிக்கும். புரொடக்‌ஷனில் (கிளையண்ட் நிஜமாகப் பயன்படுத்தும் சிஸ்டத்தில்) ஏதாவது பிரச்சினை என்று லாகை, அதாவது சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவுகளை, திறந்து உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துபோகும். ஆனால் எங்கள் ஃப்ளோரில் நாற்பது தாண்டியவர்கள் எல்லோரும் மேனேஜர்கள். அந்த வயதில் கோடு எழுதுகிற ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. வீட்டுக் கடன் பாதிகூட அடையவில்லை. மாமனார் "மேனேஜர் ஆக்கறேங்கிறான், இதுல யோசிக்க என்ன மாப்பிள்ளை இருக்கு" என்கிறார். கூடப் படித்தவன் "ஏஐ வந்தப்புறம் எவன் கோடு எழுதப் போறான், டெலிவரிக்குப் போயிடு" என்கிறான்.

டீம் லீட் ஆனதிலிருந்தே என் நாளில் பாதி மீட்டிங்தான். மீதிப் பாதியில் எழுதுகிற கோடுதான் என்னை இந்த வேலையில் பிடித்து வைத்திருக்கிறது என்று சில நாள் தோன்றுகிறது. அதே சமயம், டீமில் ஒரு புதுப் பெண் முதல் ரிலீஸைத் தனியாக முடித்தபோது எனக்கு வந்த சந்தோஷமும் நிஜம். அதனால்தான் குழப்பம். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை எழுதியது:

டெலிவரிக்குப் போங்க அண்ணாச்சி. சம்பளம், ஆன்சைட், மரியாதை எல்லாம் அங்கதான். புடிச்சிருக்கு புடிக்கலைங்கறதெல்லாம் கடன் அடைச்சப்புறம் பாத்துக்கிடலாம்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, நான் டெலிவரி பக்கம் போய்ப் பல வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னால நானும் ஜாவாதான். இந்த வேலையை விரும்பிச் செய்யறவன்கிற உரிமையில சொல்றேன்: இதைப் பதவி உயர்வுன்னு நினைச்சு வராதீங்க. கிரேடு ஏறும், அது உண்மை. ஆனா தொழிலே வேற. முதல் ரெண்டு வருஷம் நீங்க மறுபடியும் ஃப்ரெஷர்தான்.

வேலை எப்படி இருக்கும்னு ஒண்ணே ஒண்ணு காட்டறேன். உங்க டொமைன்லயே வச்சுக்குவோம். வியாழக்கிழமை சாயங்காலம் கால்ல கிளையண்ட் சொல்றாங்க: "பாலிசி ஸ்க்ரீன்ல ஒரு தேதி ஃபீல்டு சேர்க்கணும், சின்ன வேலைதானே?" உங்க டெவலப்பர் ஆர்வமா "ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்"னு சொல்லிடுவார். அவர் சொன்னது தப்பில்ல. ஸ்க்ரீன்ல ஒரு பெட்டி போட ரெண்டு நாள் போதும்.

அப்புறம்தான் பி.எம்., அதாவது புராஜெக்ட் மேனேஜர், வேலை ஆரம்பிக்குது. டேட்டாபேஸ் டேபிள்ல புதுசா ஒரு நெடுவரிசை வரும். ஏற்கெனவே இருக்கற லட்சக்கணக்கான பாலிசிக்கு அந்த இடத்துல என்ன போடறது? காலியா விட்டா எந்த ரிப்போர்ட் உடையும்? ராத்திரி தானா ஓடற பேட்ச் வேலைல வெளி வெண்டருக்குப் போற ஃபைலோட லேஅவுட் மாறுமா? மாறினா அவங்களுக்கு எத்தனை வாரம் முன்னால சொல்லணும்? பாலிசிதாரருக்குப் போற கடிதத்துல அந்தத் தேதி வரணுமா? வரணும்னா அவங்க லீகல் டீம் பார்க்கணும். பழசு எதுவும் உடையலையேன்னு பார்க்கற ரிக்ரஷன் டெஸ்டிங் யாரு? கிளையண்ட் பக்கம் கடைசியாச் சரிபார்க்கற யுஏடி டெஸ்டிங் செய்யற அம்மா தேங்ஸ்கிவிங் லீவுல போறாங்களா? இதையெல்லாம் ஒவ்வொருத்தரா உட்கார வச்சுக் கேட்டு முடிச்சா, ரெண்டு நாள் மூணு வாரமா நிக்கும்.

அடுத்தது துட்டு. ஒப்பந்தத்துல இந்த வேலை இருக்கா இல்லையா? டைம் அண்ட் மெட்டீரியல்னா மணிக்கணக்குல பில் போடலாம். ஃபிக்ஸட் பிரைஸ்னா கூடுதல் செலவு மொத்தமும் நம்ம தலையில. அப்ப சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதாவது ஒப்பந்தத்துல இல்லாத வேலைக்குத் தனிக் கோரிக்கை, எழுதணும். கிளையண்ட் முகம் சுளிப்பாங்க. "முடியாது"ன்னு சொல்லக் கூடாது, "சரி"ன்னும் சொல்லக் கூடாது. "முடியும், இந்தத் தேதியில, இந்தத் தொகைக்கு, இந்த ரெண்டு வேலையைத் தள்ளி வச்சா"ன்னு சொல்லணும். சொல்லிட்டு அந்தத் தேதிக்கு நீங்க பொறுப்பு. கோடு உங்க கையில இருக்காது, ஆனா தேதி உங்க தலையில இருக்கும்.

இதைப் படிக்கறப்ப "அடடா, இதை நான் இன்னும் நல்லாப் பண்ணுவேனே"ன்னு தோணுச்சுன்னா வாங்க. "இந்த ரெண்டு நாள் வேலையை நானே போட்டு முடிச்சிட்டா தலைவலி விட்டுச்சே"ன்னு தோணுச்சுன்னா, தம்பி, நீங்க புரோகிராமர்.

நெல்லைச்சீமை சொன்ன மரியாதையைப் பத்தி: பி.எம்.முக்கு மரியாதை வர்றது கெட்ட செய்தியை எவ்வளவு சீக்கிரம் சொல்றார்ங்கறதுலதான். ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்ல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு கலர் இருக்கு. எட்டு வாரம் பச்சை காட்டிட்டு ரிலீஸுக்கு முந்தின வாரம் திடீர்னு சிவப்பாக்கற ஆளை எந்தக் கிளையண்டும் மறுபடி நம்ப மாட்டாங்க. ரெண்டாவது வாரமே மஞ்சள் போட நெஞ்சுல தில்லு வேணும். அந்த மஞ்சளுக்காக உங்க கம்பெனிக்குள்ளயே திட்டு வாங்கவும் தயாரா இருக்கணும்.

பிழைதிருத்தி எழுதியது:

வைகைக்கரை ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் எதிர்ப்பக்கம். நாற்பத்தைந்து வயதில் இன்னும் கோடு எழுதுகிறேன். சென்னையில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் சொந்த மையத்தில், ஜிசிசி என்கிறோமே, அங்கே பிரின்சிபல் இன்ஜினியர்.

சிறுசேரிக்காரன், உங்கள் ஃப்ளோரில் நாற்பது வயது புரோகிராமர் இல்லாததற்கு வயது காரணமல்ல, கணக்குத்தான் காரணம். சர்வீஸ் கம்பெனிக்கும் கிளையண்டுக்கும் நடுவே ஒரு ரேட் கார்டு இருக்கும். டெவலப்பருக்கு மணிக்கு இவ்வளவு, லீடுக்கு இவ்வளவு என்று. டெவலப்பர் என்ற வரியில் நாலு வருட அனுபவக்காரரைப் போட்டாலும் பதினைந்து வருடக்காரரைப் போட்டாலும் கிளையண்ட் தருவது ஒரே தொகைதான். சம்பளம் மட்டும் மடங்கு கணக்கில் கூடும். அதனால்தான் பிரமிடு கட்டுகிறார்கள்: அடியில் நிறைய ஃப்ரெஷர், நடுவில் சில லீட், உச்சியில் மேனேஜர். மூத்த புரோகிராமருக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. ஒன்று மேலே தள்ளப்படுவார், இல்லையென்றால் வேறு இடம் போவார். அப்படிப் போனவர்கள் ஜிசிசியிலும் புராடக்ட் கம்பெனிகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் ஃப்ளோரிலிருந்து பார்த்தால் தெரிய மாட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். இங்கே இந்தத் துறைக்கே வயது குறைவு. டைடல் பார்க் திறந்தது 2000-இல். அன்று 22 வயதில் உள்ளே நுழைந்தவர் இப்போதுதான் ஐம்பதை நெருங்குகிறார். அறுபது வயது தமிழ் புரோகிராமர்கள் ஏன் கண்ணில் படுவதில்லை என்று கேட்டால், அந்த வயதை எட்டும் அளவுக்குப் பெரிய தலைமுறை இனிமேல்தான் வரப்போகிறது. மற்ற இடங்களில் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். மேனேஜர் ஆகாமலே தொழில்நுட்பத்தின் உச்சிக்குப் போக ஐபிஎம் 1960-களிலேயே ஃபெல்லோ என்ற பதவியை வைத்தது. இன்று பெரிய புராடக்ட் கம்பெனிகள் பலவற்றில் மேனேஜருக்கு ஒன்று, இன்ஜினியருக்கு ஒன்று என இரண்டு ஏணி உண்டு. ஒரு மட்டம் வரை இரண்டிலும் சம்பளமும் கிட்டத்தட்ட சமம்தான்.

வேலையின் ருசிக்கு நானும் ஒன்று காட்டுகிறேன். அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி அதிகாலை 2:30-க்கு ஓடும் செட்டில்மெண்ட் பேட்ச் ஒன்று, பணப் பட்டுவாடாவுக்கான ஃபைலை வங்கிக்கு அனுப்புவது. வருடம் பூராவும் ஒழுங்காக ஓடியது. மார்ச் இரண்டாவது ஞாயிறு மட்டும் ஓடவில்லை. எரர் இல்லை, அலெர்ட் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. வேலைகளை நேரத்துக்கு ஓட்டிவிடும் ஷெட்யூலரைக் குடைந்து பார்த்ததில் விஷயம் புரிந்தது. அன்று அங்கே கோடைக்கால நேரம் தொடங்குகிறது, கடிகாரம் 2 மணியிலிருந்து நேரே 3-க்குத் தாவுகிறது. 2:30 என்ற நேரமே அந்த நாளில் கிடையாது! நவம்பர் முதல் ஞாயிறு இதற்கு நேர் எதிர்: 1 முதல் 2 வரையான ஒரு மணி நேரம் இரண்டு தடவை வரும். 1:30-க்கு ஏதாவது வேலை வைத்திருந்தால் அது இரண்டு முறை ஓடி, ஒரே பணம் இரண்டு தடவை போய்ச் சேரலாம்.

கோடைக்கால மாற்றமே இல்லாத உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றிவிட்டால் தீர்ந்ததா? தீரவில்லை. எதிர்முனை வங்கி, உள்ளூர் நேரப்படி குறிப்பிட்ட மணிக்குள் ஃபைல் வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கடைசியில் நேரத்தை நம்பாமல் வணிகத் தேதியை நம்பும்படி மாற்றி எழுதினோம். ஒவ்வொரு ஓட்டமும் "இந்தத் தேதிக்கான ஃபைல் ஏற்கெனவே போய்விட்டதா?" என்று முதலில் பார்க்கும். போயிருந்தால் பேசாமல் நின்றுவிடும். குறிப்பிட்ட நேரம் வரை போகவில்லை என்றால் ஆளை எழுப்பும். கோடு முப்பது வரிகூட இருக்காது. அடுத்த மார்ச்சில் ஒரு சத்தமும் இல்லாமல் அந்த இரவு கடந்தபோது எனக்குக் கிடைத்த நிறைவு வேறு எதிலும் கிடைத்ததில்லை. அதற்காகத்தான் இந்தப் பக்கம் இருக்கிறேன்.

மாலைநேரம் எழுதியது:

இரண்டு பேரும் ஏதோ எல்லோருக்கும் சாய்ஸ் கையில் கொடுக்கப்படுவது போலப் பேசுகிறீர்கள். பல பெண்களுக்கு அப்படிக் கொடுப்பதில்லை. அதையும் இந்த இழையில் பதிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது என்னைக் கேட்காமலே பிஎம்ஓவில், அதாவது புராஜெக்ட்களின் கணக்குவழக்கைத் தொகுக்கும் அலுவலகத்தில், போட்டார்கள். "உங்களுக்கு இப்ப இதுதான் வசதி, ராத்திரி கூப்பிட்டா எழுந்து பாக்கற ஆன்-கால் கிடையாது, டைமுக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அந்த வேலை புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் கிடையாது. டைம்ஷீட் போடாதவர்களுக்கு ஞாபகக் கடிதம், யார் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தார் என்று எக்ஸெலில் யூட்டிலைசேஷன் கணக்கு, வாராந்திர மீட்டிங்குக்கு ஸ்லைடு. வைகைக்கரை சொன்ன பேரம், தேதி, துட்டு எதுவும் அங்கே வராது. வெளியே "மேனேஜ்மெண்ட் பக்கம் போயிட்டாங்க" என்று பெயர். உள்ளே முடிவெடுக்கும் அதிகாரம் சுத்தமாக இல்லை. டெவலப்பராக இருந்த என் பெயர் அந்த அக்கவுண்டில் மெல்ல மறைந்தது.

நான் திரும்பி வந்துவிட்டேன், இப்போது டேட்டா இன்ஜினியரிங்கில் இருக்கிறேன். திரும்பும்போது சந்தித்த நேர்காணல்களில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "கடைசியாக எப்போது கோடு எழுதினீர்கள்?" என்பதுதான். ஆணிடமும் கேட்பார்கள். ஆனால் நானாகக் கோடிங்கை விட்டேன் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு கேட்டார்கள் பாருங்கள், அது வலித்தது.

அதனால் சிறுசேரிக்காரன், உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். நீங்கள் எந்தப் பக்கம் போனாலும், அந்தப் பதவியில் எந்த முடிவு உங்கள் கையெழுத்தில் போகும் என்று கேளுங்கள். பட்ஜெட்டா, ஆள் எடுப்பதா, டிசைனா, ரிலீஸ் தேதியா? எதுவும் இல்லை என்றால் அது வெறும் ஒருங்கிணைப்பு வேலை. அடுத்தது, உங்கள் டீமில் அந்தப் புதுப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாளைக்கு அவள் விடுப்பில் போய்த் திரும்பினால், அவளுக்கு எது வசதி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அவளிடம் கேளுங்கள்.

சிறுசேரிக்காரன் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கட்டாயம் கேட்பேன்.

வைகைக்கரை அண்ணா சொன்ன தேதி ஃபீல்டு கதையில் என் மனசு இரண்டு பக்கமும் போனது, அதுதான் உண்மை. வெண்டர் ஃபைல் மாறுமா என்ற கேள்வி எனக்கே முதலில் வந்திருக்கும். ஆனால் சேஞ்ச் ரிக்வெஸ்டுக்குக் கிளையண்டிடம் பேரம் பேசுவதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. பேட்ச் கதையைப் படித்தபோது நேரே போய் எங்கள் ஷெட்யூலரைத் திறந்து பார்த்தேன். எங்களிடமும் 2:15-க்கு ஒன்று இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். மேனேஜர்களைத்தான் இப்போது முதலில் வெளியே அனுப்புகிறார்கள் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? பிஎம்பி என்கிற புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் சான்றிதழ்த் தேர்வை இப்போதே எழுதலாமா?

கடலோரத்தான் எழுதியது:

வணக்கம். நான் கொழும்பில இருக்கிறன். பிரித்தானியக் கம்பனி ஒன்றுக்கு இங்கயிருந்து வேலை செய்யிற டீம். நான் கொஞ்சக் காலம் ஸ்க்ரம் மாஸ்டராக இருந்து, பிறகு திரும்ப டெவலப்பர் பக்கம் வந்தனான். ஆரும் இன்னும் இதைப்பற்றிக் கதைக்கேல்லை எண்டபடியால் எழுதுறன்.

ஸ்க்ரம் எண்டது சின்னச் சின்னக் காலப்பகுதியாப் பிரிச்சு டீம் வேலை செய்யிற ஒரு முறை. அந்த முறை ஒழுங்கா நடக்க உதவுறவர்தான் ஸ்க்ரம் மாஸ்டர். அதுக்கு ஸ்க்ரம் கைட் எண்டு ஒரு கையேடு இருக்கு, 2020 பதிப்புத்தான் கடைசி. அதில மூன்று பொறுப்புத்தான் வரும்: ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள். புராஜெக்ட் மேனேஜர் எண்ட பேரே அதில இல்லை. என்ன செய்யோணும் எண்டதை ப்ராடக்ட் ஓனர் தீர்மானிப்பார், எப்பிடி எண்டதை டெவலப்பர்மார் தீர்மானிப்பினம். அப்ப உங்கட கம்பனியில பி.எம். எண்டு சொல்லுற வேலை, வேற கம்பனிக்குப் போனால் மூன்றாப் பிரிஞ்சு கிடக்கும். வேலை மாறேக்குள்ள இது பெரிய இடைஞ்சல்.

ஸ்க்ரம் மாஸ்டர் வேலையை மட்டும் நம்பி இருக்கிறதும் பாதுகாப்பில்லை. அமெரிக்காவில கேபிட்டல் ஒன் வங்கி 2023 ஜனவரியில அஜைல் (ஸ்க்ரம் மாதிரி முறைகளின்ர பொதுப் பேர்) பதவிகள் எண்டு இருந்த பிரிவையே எடுத்துப்போட்டது, 1,100 பேருக்கு மேல வேலை போச்சு. அந்த வேலையை இஞ்சினியர்மாரும் ப்ராடக்ட் மேனேஜர்மாரும் தங்களுக்குள்ளயே பார்க்கலாம் எண்டதுதான் அவையின்ர விளக்கம். டீமில நம்பிக்கை வளர்க்கிறது, இடைஞ்சலைத் தீர்க்கிறது எல்லாம் உண்மையிலயே பெறுமதியான வேலை. நான் அதை மனசாரச் செய்தனான். ஆனால் செலவைக் குறைக்கேக்குள்ள அந்தப் பெறுமதியைத் தாளில காட்டுறது கஷ்டம்.

நெல்லைச்சீமை எழுதியது:

அப்பம் கோடிங்குக்கு மட்டும் என்ன பாதுகாப்பு இருக்கு? கோபைலட், சாட்ஜிபிடி எல்லாம் நிமிஷத்துல எழுதித் தருதே. அஞ்சு பேர் வேலையை ரெண்டு பேர் பாக்கான். எந்தம்பி போன வருஷம் காலேஜ் முடிச்சான், இன்னும் ஆஃபர் லெட்டர் வரல. அந்தக் கவலையிலதான் சொல்லுதேன்.

வைகைக்கரை எழுதியது:

நெல்லைச்சீமை, தம்பிக்குச் சீக்கிரம் நல்ல இடம் அமையட்டும். அந்தக் கவலை எனக்கும் இருக்கு. எங்க அக்கவுண்ட்லயே ஃப்ரெஷர் எடுக்கறது குறைஞ்சிருக்கு.

சிறுசேரிக்காரன், மேனேஜர் விஷயத்தை மறைக்க மாட்டேன். நடு அடுக்கு மெலியுது. அமேசான் தலைவர் ஆண்டி ஜாஸ்ஸி 2024 செப்டம்பர்ல வெளிப்படையாவே அறிவிச்சார், மேனேஜர் எண்ணிக்கைக்கு எதிரா நேரடியா வேலை செய்யறவங்க விகிதத்தை 15 சதவீதமாவது கூட்டணும்னு. நம்ம ஊர்ல 2025 ஜூலைல டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போறதா சொன்னப்ப, பெரும்பாலும் நடு, மேல் நிலை ஆட்கள்னுதான் சொன்னாங்க. அதனால "மேனேஜர் ஆயிட்டா செட்டில்"ங்கற பேச்சை உங்க மாமனார் காலத்தோட விட்டுடணும்.

ஆனா மேனேஜரே வேண்டாம்னு ஆகாது. கூகுள் 2002-ல இன்ஜினியரிங் மேனேஜர்களே இல்லாம நடத்திப் பார்த்தாங்க. சில மாசத்துல கைவிட்டுட்டாங்க. செலவுக் கணக்குல இருந்து சில்லறைச் சண்டை வரைக்கும் எல்லாம் மேல இருக்கறவங்க மேசைக்கே வந்து நின்னுச்சு.

எந்த மேனேஜர் நிப்பார்? எண் தெரிஞ்சவர். ஒரு கணக்கு சொல்றேன். 40 லட்ச ரூபாய் புராஜெக்ட். இன்னைக்குத் தேதிக்கு 20 லட்சத்துக்கான வேலை முடிஞ்சிருக்கணும். செலவும் சரியா 20 லட்சம். மேலோட்டமாப் பார்த்தா எல்லாம் பச்சை. ஆனா முடிஞ்ச வேலையை எடை போட்டா 16 லட்சத்துக்குத்தான் இருக்கு. அப்ப நாம போடற ஒவ்வொரு ரூபாய்க்கும் 80 பைசா வேலைதான் நடக்குது. இதே வேகத்துல போனா மொத்தச் செலவு 50 லட்சத்துல வந்து நிக்கும். பத்து லட்சம் எங்கிருந்து வரும்? பாதி வழியிலயே இதைக் கண்டுபிடிச்சு, எதை வெட்டணும், யாருகிட்ட பேசணும்னு முடிவெடுக்கறவர்தான் பி.எம்.

அந்த நேரத்துல மேல இருக்கறவங்க உடனே சொல்றது "இன்னும் அஞ்சு பேரைப் போடுங்க". ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லயே எழுதி வச்சுட்டார், பிந்திப்போன சாஃப்ட்வேர் புராஜெக்ட்ல ஆள் சேர்த்தா இன்னும் பிந்தும்னு. ஐபிஎம் 360 ஆபரேட்டிங் சிஸ்டத்தை நடத்தின மனுஷன் அவர். அஞ்சு பேர் இருந்தா ஒருத்தருக்கொருத்தர் பேச வேண்டிய வழி 10. பத்துப் பேரானா 45. புதுசா வந்த அஞ்சு பேருக்குச் சொல்லிக் கொடுக்கறதும் உங்க பழைய அஞ்சு பேர்தான். இதை டைரக்டர் முகத்துக்கு நேரா, மரியாதையா, எண்ணோட சொல்லணும். கோடு தெரியாத மேனேஜரால இது முடியறதில்ல, ஏன்னா எந்த வேலையைப் பிரிச்சுக் கொடுக்கலாம், எதைப் பிரிக்க முடியாதுன்னு அவருக்குத் தெரியாது. உங்க எட்டு வருஷம் இந்தப் பக்கம் வந்தாலும் வீணாகாது.

பிழைதிருத்தி எழுதியது:

ஏஐ பற்றி. நான் தினமும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறேன். டைப் அடிக்கும் நேரம் நிஜமாகவே குறைந்துவிட்டது. ஸ்க்ரீன், டேபிள், நாலு ஏபிஐ என்று இருக்கும் வழக்கமான கோடை அது சடசடவென்று கொடுத்துவிடுகிறது. அந்த மாதிரி கோடு மட்டுமே எழுதிக்கொண்டிருப்பவருக்கு ஆபத்து உண்டு, அதை மழுப்பக் கூடாது.

ஆனால் அந்த 2:30 பேட்ச் விஷயத்தில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கோடைக்கால நேரம் பற்றிக் கேட்டால் ஏஐ அழகாகப் பதில் சொல்லும். கேட்க வேண்டும் என்பது யாருக்காவது உறைக்க வேண்டுமே. வங்கியோடு போட்ட ஒப்பந்தம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அது எழுதித் தரும் கோடைப் படித்து, "இது பார்க்கச் சரி, எங்கள் டேட்டாவில் உடையும்" என்று சொல்கிறவர் தேவை. முன்பு ஒரு நாளில் நூறு வரி ரிவ்யூ செய்தவர் இப்போது ஆயிரம் வரியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எட்டு வருடம் புரொடக்‌ஷனில் அடிபட்ட கண்ணுக்கு இங்கே மதிப்பு கூடுகிறது.

மேனேஜ்மெண்ட் பக்கமும் இதே அளவு பாதிப்பு உண்டு. மீட்டிங் குறிப்பு, ஸ்டேட்டஸ் ரிப்போர்ட், முதல் வரைவுத் திட்டம் எல்லாம் இயந்திரமே எழுதுகிறது. ரிப்போர்ட் எழுதுவதையே வேலையாக வைத்திருந்த மேனேஜருக்கு நிலைமை டெவலப்பரைவிட மோசம். ஆகவே ஏஐக்குப் பயந்து ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் ஓடுவதில் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கம்பெனியில் "டெக்னிக்கல் டிராக்" என்றால் என்ன என்று விசாரியுங்கள். பல சர்வீஸ் கம்பெனிகளில் ஆர்க்கிடெக்ட் என்பவர் ப்ரீ-சேல்ஸில், அதாவது புது ஒப்பந்தம் பிடிக்கும் பிரிவில், உட்கார்ந்து கிளையண்ட்கள் கேட்கும் ஆர்எஃப்பிக்கு (திட்ட முன்மொழிவுக் கோரிக்கைக்கு) பதில் எழுதுபவர். கட்டம் கட்டமாக டயகிராம் வரைவார், கோடு சேமித்திருக்கும் ரெப்போவில் அவருக்கு அனுமதிகூட இருக்காது. கோடுக்காக அந்த டிராக்கில் சேர்ந்துவிட்டு ஸ்லைடோடு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நொய்யல் எழுதியது:

பிஎம்பி கேள்விக்கு மட்டும் பதில். 2021 ஜனவரிக்கு அப்புறம் வந்த வடிவத்துல நான் எழுதினேன்: 180 கேள்வி, 230 நிமிஷம். வடிவத்தை அப்பப்ப மாத்துவாங்க, பணம் கட்டறதுக்கு முன்னால தேர்வை நடத்தற பிஎம்ஐ அமைப்போட தளத்துல கையேட்டை ஒருக்கா பார்த்துக்கங்க. டிகிரி இருந்தா, புராஜெக்ட் நடத்தின அனுபவம் 36 மாசமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்பாங்க. புராஜெக்ட்ல டெவலப்பரா இருந்த காலம் அப்படியே கணக்குல வராதுங்க, நீங்க நடத்தின வேலைதான் கணக்கு. விண்ணப்பத்தைச் சில பேர்த்துக்கு ஆடிட்டுக்கு எடுப்பாங்க, அப்ப பழைய மேனேஜர் ஒப்புதல் தரோணும். பாஸ் பண்ணினப்புறமும் மூணு வருஷத்துக்கு ஒருக்கா, 60 பிடியூ (தொடர்பயிற்சிப் புள்ளி) சேர்த்துப் புதுப்பிக்கோணும்.

நீங்க டீம் லீடா இருக்கற காலத்துல எஸ்டிமேட், ஷெட்யூல், ரிஸ்க் பார்த்தது எல்லாத்தையும் இப்பவே எழுதி வச்சுக்கங்க. பரீட்சை இப்ப வேண்டாங்க. பேரம் பேச வயிறு கலங்குதுன்னு நீங்களே சொல்றீங்க. அதை எந்தச் சர்டிஃபிகேட்டும் சரி பண்ணாது.

சிறுசேரிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மேனேஜரிடம் நேரடியாகப் போய்க் கேட்டேன். பிழைதிருத்தி அண்ணா சொன்னதுதான் நடந்தது. எங்கள் அக்கவுண்டில் டெக்னிக்கல் டிராக்கில் இருக்கும் இரண்டு பேரும் ப்ரீ-சேல்ஸில்தான் இருக்கிறார்களாம். "ஆனா நீ கேட்டா கோடு ரிவ்யூ பொறுப்பையும் சேர்த்துத் தரலாம்" என்றார். எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அந்த 2:15 பேட்ச்சையும் சொன்னேன். கிளையண்டிடம் நீயே எடுத்துச் சொல்லு என்று விட்டுவிட்டார். ஏன் மாற்ற வேண்டும், எவ்வளவு நாளாகும், எப்போது டெஸ்ட் செய்வது என்று நானே பேசினேன். வயிறு கலங்கியது, ஆனால் பேச்சு ஓடியது. விஷயம் எனக்கு அடிவரை தெரிந்திருந்ததால் பேச முடிந்தது என்று நினைக்கிறேன். தெரியாத ஒன்றுக்காக அப்படி நின்று பேச எனக்கு விருப்பமில்லை என்பதும் அங்கேயே தெளிவானது.

டெக்னிக்கல் என்று போடப் போகிறேன். மாமனாரிடம் ரேட் கார்டு கணக்கைச் சொன்னேன். முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டார்.

பிழைதிருத்தி எழுதியது:

நல்லது. ரிவ்யூ பொறுப்பு எழுத்தில் வந்தால் ஒரு வருடம் இருந்து பாருங்கள். வராவிட்டால் ஜிசிசி பக்கம் விண்ணப்பம் போடத் தொடங்குங்கள். அங்கே நேர்காணலில் கோடிங் ரவுண்டு மட்டுமல்ல, சிஸ்டம் டிசைனும் கேட்பார்கள். அந்த பேட்ச்சை நீங்கள் எப்படி மாற்றினீர்கள், வேறு எந்த வழிகளை யோசித்து ஒதுக்கினீர்கள் என்பதை ஒரு பக்கத்துக்கு எழுதி வையுங்கள். "நீங்கள் தீர்த்த கடினமான பிரச்சினை ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்காத இடமே இல்லை.

வைகைக்கரை எழுதியது:

சந்தோஷம் தம்பி. கிளையண்ட் கால்ல பேசினதை விட்டுடாதீங்க, மாசம் ஒண்ணாவது நீங்களே எடுத்துப் பண்ணுங்க. அப்புறம், டிராக் மாத்தற விண்ணப்பம் எப்ப மறுபடி திறக்கும், மாத்தினா கிரேடு இறங்குமா, அப்படியே நிக்குமான்னு எச்ஆர்கிட்ட மெயில்லயே கேட்டுப் பதில் வாங்கி வச்சுக்கங்க. வாய்ல சொன்னா அந்த ஆள் மாறினதும் பேச்சும் மாறிடும்.